சனிக்கிழமைக் குஞ்சு

ஏட்டி மாரி, தூங்கிட்டியா?

தூங்கலைன்னா இந்தப் பக்கம் திரும்பிப் படு. மெதுவாத்தான் பேசணும். தம்பி பாண்டி இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்கான், எந்திரிச்சுட்டான்னா அம்மா என்னையத்தான் வைவா. லைட்ட அணைக்காத, எரியட்டும். சாப்பிடும்போது அவன் ஏதோ சொல்ல வந்தான், நான் அவன் வாயில இட்லியத் திணிச்சேன்ல, நீ ஒரு மாதிரிப் பாத்த. அவன் என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் பஸ்ல வரும்போதே எங்கிட்டச் சொல்லிட்டான். அதக் கேட்டதுல இருந்து ஒரு எடத்துல உக்கார முடியல. அது பயமா சந்தோசமான்னு எனக்கே தெரியல.

அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ சொன்னேன்னா பாத்துக்கோ.

சங்கரலிங்கம் பெரியப்பா செத்ததுக்கு நீ வரல. பரீட்சைன்னு மதுரை ஹாஸ்டல்லயே இருந்துட்ட. அவியளப் பத்தி உனக்குத்தான் தெரியுமே. பெரியம்மா போயி எம்புட்டு வருசமாச்சு, பிள்ளையும் கெடையாது. போலீஸ்ல ரிட்டையர்டு ஆகி பின்னாடித் தெருவுல ஒத்தையில இருந்தாக. யாருகிட்டயும் முகம் குடுத்துப் பேசமாட்டாக, ஆனா நம்ம பாண்டின்னா உசுரு. சாயங்காலமானா அந்த ஓட்டை டிவிஎஸ்ஸக் கொண்டுவந்து நம்ம வாசல்ல நிறுத்துவாக. சைலன்சர் ஒடஞ்ச வண்டி, சேத்தூர் பூராம் கேக்கும். பாண்டி செருப்புக்கூடப் போடாம ஓடிப்போயி முன்னாடி ஏறி நின்னுக்குவான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு. திரும்பி வரும்போது கையில சேவுப் பொட்டலம். "வளந்த பயல முன்னாடி நிக்க வச்சா ரோடு மறைக்காதா"ன்னு அம்மா கேப்பா. "மறைச்சா அவனே ஓட்டிக்கிருவான்"ம்பாக.

ஒரு சனிக்கிழமை காலைல சேர்ல உக்காந்த வாக்குலயே போயிட்டாக. டீ பாதி குடிச்சபடி கெடந்துச்சு.

சனிக்கிழமை பொணம் எடுத்தா அது துணைக்கு இன்னொரு ஆளக் கூப்பிடும்னு நம்ம பக்கம் பயப்படுவாகள்ல. அதுக்குத்தான் உசுரோட ஒரு கோழிக்குஞ்சப் பாடைல கட்டி அனுப்புவாக. துணை கெடச்சிருச்சுன்னு அது பாட்டுக்குப் போயிரும், வீட்டு ஆளுகளத் தொடாது. பெரியப்பாவுக்குக் கொள்ளிக்குடம் எடுக்கிறது நம்ம அப்பாதான். அவியளுக்கு ஆயிரம் வேலை. என்னையக் கூப்பிட்டு, "பானு, ஓடிப்போயி ஒரு குஞ்சு வாங்கிட்டு வாட்டி"ன்னாக.

அந்நேரத்துக்கு நாட்டுக்கோழிக்குஞ்சுக்கு எங்க போக? பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு ஆளு சைக்கிள்ல கலர்க் குஞ்சு வச்சு வித்துக்கிட்டிருந்தாரு. ரோஸு, மஞ்ச, பச்சைன்னு சாயத்துல முக்கி எடுத்தது. கலர் போடாதது இருக்கான்னு கேட்டேன். "பொறந்தநாளா பாப்பா, ரோஸ் எடுத்துக்கோ"ன்னாரு. துக்க வீட்டுக்கு ரோஸா கொண்டு போக முடியும்? பச்சையில ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.

அப்பா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாக. "என்னட்டி இது, இது என்ன திருவிழாவுக்கா போகுது?"

வேல்பாண்டி சித்தப்பா பக்கத்துல நின்னு கயிறு முறுக்கிக்கிட்டிருந்தாக. "விடுங்கண்ணே. காக்கிக் கலர்ல கெடைக்கல போல. அண்ணன் கோவிச்சுக்க மாட்டாக."

அழுதுக்கிட்டிருந்த பொம்பளைகளே சிரிச்சுட்டாக. நீயே பாடைக் கால்ல கட்டிருன்னு என் கையில நூலக் குடுத்துட்டாக.

அங்கதான் தப்பு நடந்துச்சு மாரி. பஸ் ஸ்டாண்டுல இருந்து நான் அதக் கையில பொத்தித்தான் கொண்டு வந்தேன். உள்ளங்கையில அதோட நெஞ்சு அடிக்கிறது தெரிஞ்சுச்சு. கட்டும்போது ஒரு சின்னச் சத்தம் போட்டுட்டு, கட்டி முடிச்சதும் என் கட்டைவெரல்ல தலைய வச்சுக் கண்ண மூடிருச்சு. சாகப்போறோம்னு தெரியாம தூங்குது பாருன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

தெரு முக்குல பாடைய எறக்கித் தலைமாடு கால்மாடு மாத்தித் திருப்புவாகள்ல. பொம்பளைக அதுக்கு மேல போகக்கூடாது, அங்கனயே நின்னு அழுதுட்டுத் திரும்பணும். எல்லாரும் மாரடிச்சு அழுத கூட்டத்துல நான் குனிஞ்சு பாடைக் காலத் தொட்டுக் கும்பிட்ட மாதிரி நூல உருவிட்டேன். நான் போட்ட முடிச்சுதான, இழுத்த உடனே வந்துருச்சு. குஞ்ச ஷாலுக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். சுடுகாட்டுல யாரும் தேடலயோ, வழியில விழுந்திருக்கும்னு விட்டுட்டாகளோ, தெரியல. யாரும் ஒண்ணும் கேக்கல.

மாடியில பழைய மிக்ஸி அட்டப்பெட்டில வச்சுக் குருணை போட்டேன். பாண்டி மறுநாளே கண்டுபிடிச்சுட்டான். "யார்கிட்டயும் சொல்லாத"ன்னேன். "பேர் வைக்க விட்டா சொல்லமாட்டேன்"னான். மிலிட்டரின்னு பேர் வச்சான். பச்சையா இருக்குல்ல. "பெரியப்பா போலீசு, இது மிலிட்டரி"ன்னு அவனுக்கு ஒரே பெருமை.

காரியம் முடிஞ்ச பொறவு ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், அந்தச் சத்தம் கேட்டுச்சு.

டிவிஎஸ் சத்தம். பின்னாடித் தெருவுல கெளம்பி, முக்குல திரும்பி, நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு. நான் அடுப்படில இருந்தேன். பாண்டி வழக்கம்போல செருப்புப் போடாம ஓடுனான். பின்னாடியே ஓடிப் பாத்தா வாசல்ல ஒண்ணும் இல்ல. அம்மா, "வேற யாரு வண்டியாச்சும் இருக்கும்"னா. ஊருக்குள்ள சைலன்சர் ஒடஞ்ச வண்டி அது ஒண்ணுதான்னு அவளுக்கும் தெரியும். அந்த வண்டியப் பெரியப்பா வீட்டுக்குள்ள தள்ளிவிட்டு, வீட்டப் பூட்டிச் சாவிய அப்பா சட்டைப்பையில வச்சிருக்காக.

பொறவு தினம் வந்துச்சு. மேல பெட்டிக்குள்ள கத்திக்கிட்டே கெடக்கிற குஞ்சு, அந்தச் சத்தம் கேட்டா டக்குனு அமைதியாயிரும். போயிப் பாத்தேன். தெருப்பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்துச்சு.

ஒருநாள் அப்பா ஏதோ பேப்பர் எடுக்கப் பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டுக் கெண்டைக்கால்ல தீக்காயத்தோட வந்தாக. வண்டியத் தாண்டும்போது சைலன்சர் சுட்டுருச்சாம். அம்மா மருந்து தடவிக்கிட்டே, "பூட்டிக் கெடக்கிற வண்டி எப்படிச் சுடும்?"னா. "ஜன்னல் வழியா வெயில் அடிச்சிருக்கும்"னாக. அந்த ரூம்ல ஜன்னலே கெடையாது மாரி. அப்புறம் அம்மா, ராத்திரிக்கு என்ன கொழம்பு வைக்கன்னு கேட்டா.

அடுத்துப் பாண்டிக்குக் காய்ச்சல் வந்துருச்சு. ராஜபாளையத்துல காட்டினோம். ஊசி போட்டா எறங்குது, வீட்டுக்கு வந்தா ஏறுது. கண்ணு சொருகிப்போயி, "முன்னாடி ஏறச் சொல்லுதாக, நான் போயிட்டு வாரேன்"னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தான். யாருடான்னு அம்மா கேட்டா, "பெரியப்பாதான், வேற யாரு"ங்கான். அம்மா அங்கனயே உக்காந்து அழுதுட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கொண்டுபோயிச் சேத்தோம். ரத்தத்துல என்னமோ அணு கொறஞ்சுக்கிட்டே வருது, இன்னும் கொறஞ்சா மதுரைக்குக் கொண்டு போகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

செல்லத்தாய் சின்னம்மா பாக்க வந்தா. பாண்டி முகத்தப் பாத்துட்டு அம்மாகிட்ட மெதுவாக் கேட்டா. "ஏக்கா, அவிய சனிக்கிழமைலா போனாக. குஞ்சு கட்டுனீகளா?"

"கட்டாம இருப்போமா? பானுதான் கட்டுனா. கேளு."

ரெண்டு பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாக. நான் தலைய ஆட்டினேன். பாண்டி கை என் கையில இருந்துச்சு, அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரிக் கொதிச்சுச்சு. எனக்கு அப்பத்தான் உள்ளுக்குள்ள எல்லாம் வெளங்குச்சு. பெரியப்பாவுக்குக் குடுத்த துணையத் திருடுனது நான். அவிய வேற ஆளத் தேடுதாக. அவியளுக்குப் பிடிச்ச ஆளு இந்த உலகத்துல ஒருத்தன்தான்.

துணி எடுத்துட்டு வாரேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். பஸ்ல இருந்தே அனுசியாவுக்கு போன் போட்டேன். என் கிளாஸ்தான், ராஜபாளையத்துல தெலுங்கு பேசுற வீட்டுப் பிள்ளை, ஸ்கூட்டி வச்சிருக்கால்ல.

"பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வா. சேத்தூர் போகணும்."

"எதுக்கு?"

"சுடுகாட்டுக்கு."

"எனக்கு டியூசன் இருக்குடி."

ஆனா வந்துட்டா. வண்டில போகும்போது எல்லாத்தையும் சொன்னேன். வீட்டுக்குப் போயி மிலிட்டரிய எடுத்து ஷாலுக்குள்ள வச்சதும் அனுசியா பாத்துட்டு, "இம்புட்டுக்காண்டு இருக்கு. இதுவா ஆளுக்குத் துணை?"ன்னு கேட்டா.

தேவதானம் போற ரோட்டுல கம்மாய்க்கரைக்கு அங்கிட்டு இருக்குல்ல நம்ம இடுகாடு, நான் அதுவரைக்கும் உள்ள போனதே இல்ல. பொம்பளைக போகக்கூடாதே. ரோட்டுல ஸ்கூட்டிய நிறுத்திட்டு முதல்ல தெரிஞ்ச கேட்டுக்குள்ள நொழஞ்சா அது வேதக்காரவுக கல்லறைத்தோட்டம். வரிசையா சிலுவை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. தப்பா வந்துட்டோம்னு இடிஞ்ச சுவரத் தாண்டிக் குதிச்சா அந்தப் பக்கம் நம்மது. அங்க பேரும் இல்ல, வரிசையும் இல்ல. ஜமீன் காலத்துச் சமாதியெல்லாம் பூச்சு உதிந்து செங்கல்லு தெரிய நிக்குது, நடுவுல வேப்பமரம் மொளச்சிருக்கு. வெளிச்சம் வேற கொறஞ்சுக்கிட்டே வருது. எந்த மேட்ட மிதிக்கிறோம்னே தெரியாம நடந்தோம். அனுசியா என் ஷால் நுனியப் பிடிச்சுக்கிட்டே வந்தா.

புது மண்ணு ஒரு எடத்துலதான் இருந்துச்சு. நாய் தோண்டாம இருக்க மேல முள்ளு வெட்டிப் போட்டிருந்தாக. காஞ்ச மாலை, ஒடஞ்ச பானை. அதான் பெரியப்பா.

நான் உக்காந்து ஒரு குச்சிய மண்ணுல குத்தினேன். நூல் ஒரு முனைய அதுல கட்டிட்டு மறு முனையக் குஞ்சு கால்ல கட்டணும். முடியல மாரி. கையில இருந்து எறக்கவே முடியல. இத்தன நாள் நான் போட்ட குருணையத் தின்னு கொஞ்சம் வளந்துருச்சு, சாயம் போயி கழுத்துக்கிட்ட வெள்ளை தெரிய ஆரம்பிச்சிருச்சு. என் கையில ஏறி உக்காந்து பொத்துற சூட்டுக்குக் கண்ண மூடுது.

"பெரியப்பா, தப்பு பண்ணது நான்தான்"னேன். "உங்க துணைய நான்தான் எடுத்தேன். பாண்டிய விட்டுருங்க."

ஆள் வேணும்னா என்னையக் கூப்பிடுங்கன்னு சொல்லணும்னுதான் போனேன். பஸ்ல வரும்போது அத மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஆனா அங்க உக்காந்தப்ப வாய் வரல. உங்கிட்டதான் சொல்லுதேன். வாய் வரல.

அப்பத்தான் டிவிஎஸ் சத்தம் கேட்டுச்சு. ரோட்டுப் பக்கம் இல்ல. எனக்குப் பின்னாடி, கம்மாய்ப் பக்கம். அங்கிட்டு முள்ளுக்காடு, சைக்கிள்கூட வராது. சத்தம் கிட்ட வந்து, கிட்ட வந்து, என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னுச்சு. அணைக்கல. ஓடிக்கிட்டே இருக்கு, அந்த அதிர்வு உக்காந்திருந்த தரையில தெரியுது. பெட்ரோல் வாடை அடிக்குது. குஞ்சு வாய மூடிருச்சு.

அனுசியா எனக்கு எதிர்ல நின்னா. என் தோளுக்கு மேல பாத்துக்கிட்டிருந்தா. அவ முகம் போன போக்கப் பாத்து நான் திரும்பல. என்னத்தப் பாத்தன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுப் பாத்துட்டேன். கண்ணுல தூசி விழுந்துருச்சுன்னே சொல்லுதா.

அவ வாய்ல இருந்து சத்தமே இல்லாம தெலுங்கு வந்துச்சு. "பதவே. பதவே." போலாம்டின்னு அர்த்தம்.

பாண்டி கை எப்படிக் கொதிச்சுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். குஞ்சு கால்ல நூலக் கட்டி எறக்கி விட்டேன். கொஞ்சம் குருணை கொண்டு போயிருந்தேன், அதையும் போட்டேன். எந்திரிச்சு நடந்தேன். சுடுகாட்டுல இருந்து கெளம்புனா திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு ஆம்பளைகளுக்குச் சொல்லுவாகள்ல, எனக்கும் அதுதான்னு நடந்தேன். பின்னாடி குஞ்சு ஒருதடவ கத்துச்சு. என்னையக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் வண்டி உறுமி நகந்துச்சு. அந்தக் கத்துற சத்தமும் வண்டியோடயே போகுது. கம்மாய்ப் பக்கம், மலைப் பக்கம்னு தள்ளித் தள்ளிப் போயி, ரெண்டும் ஒண்ணா நின்னு போச்சு.

சுவரத் தாண்டும்போது முட்டி கிழிஞ்சதுகூடத் தெரியல. இந்தக் காயம்தான், பாரு.

ஸ்கூட்டிக்கிட்ட வந்ததும் என் போன் அடிச்சுச்சு. அம்மா. எடுக்கவே பயமா இருந்துச்சு. அடிச்சு நின்னு மறுபடி அடிச்சுச்சு. அனுசியாதான் எடுத்து என் காதுல வச்சா.

"துணி எடுக்கப் போனவ எங்கட்டி போயித் தொலஞ்ச?"ன்னா அம்மா.

"பாண்டி எப்படிம்மா இருக்கான்?"

"சட்டை நனையிற மாதிரி வேர்த்து ஊத்திருச்சு. இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்தான். புரோட்டாவும் சால்னாவும் வேணுமாம். நர்ஸ் இட்லிதான் தரணும்னா, அந்தம்மாகிட்டச் சண்டைக்கு நிக்கான். நீ சீக்கிரம் வா, என்னால இவனோட மல்லுக்கட்ட முடியல."

நான் ரோட்டுலயே உக்காந்து அழுதேன். அனுசியாவும் அழுதா. அந்த வழியா மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏத்திக்கிட்டு வந்த ஒருத்தர் வண்டிய நிறுத்தி, "ஏ பிள்ளைகளா, விழுந்துட்டீகளா, பெரிய அடியா?"ன்னு கேட்டாரு. "இல்லண்ணே, பரீட்சைல பாஸாயிட்டோம்"னு சொல்லிட்டா இவ. அவரு எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் அவ வீட்டுக்குப் போயித் தலைக்குக் குளிச்சுட்டு, அவ சுடிதாரப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணி எடுக்கப் போயிட்டு வேற துணியில வந்திருக்கன்னு அம்மா வைதா. அன்னைக்கு அவ எம்புட்டு வைதாலும் எனக்கு இனிச்சுச்சு.

அணு ஏறிருச்சுன்னு மறுநாள் சொன்னாக. நாங்க குடுத்த மருந்து இப்பத்தான் வேலை செய்யுதுன்னாரு டாக்டர். அவரு சொல்றதும் நெசமாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். வண்டிச் சத்தமும் அன்னையில இருந்து வரல. சரி, நாம பயந்ததுக்கு என்னென்னமோ கேட்டுருச்சு, முடிஞ்சு போச்சுன்னு இருந்தேன். இன்னைக்குச் சாயங்காலம் பஸ்ல ஏறுற வரைக்கும்.

நான் குஞ்சக் கொண்டுபோயி விட்டது பாண்டிக்குத் தெரியாது. யாரும் சொல்லல. அனுசியாவத் தவிர யாருக்கும் தெரியாதே. மிலிட்டரி எங்கன்னு கேட்டா பூனை தூக்கிருச்சுன்னு சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். பஸ்ல என் மடியில உக்காந்திருந்தவன் திடுதிப்புனு சொல்லுதான்.

"பானுக்கா, பெரியப்பா என்னைய எறக்கி விட்டுட்டாக."

"எங்கலே?"

"வண்டில இருந்துதான். முன்னாடி நிக்க வச்சு ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போனாக. கம்மாய் தாண்டிருச்சு. எனக்குக் குளிருதுன்னேன், கேக்கல. பொறவு ஒரு எடத்துல நிறுத்தி, 'எறங்குலே, ஆள் வந்தாச்சு'ன்னாக. பாத்தா மிலிட்டரி."

அவன் முகத்த என் பக்கம் திருப்பினேன் மாரி.

"நான் எறங்கமாட்டேன், மூணு பேரும் போலாம்னேன். எடமில்லன்னுட்டாக. 'அம்மா தேடுவா, வீட்டுக்கு ஓடு'ன்னு வைதாக. எத்தன நாளா நான்தான முன்னாடி நிப்பேன், இப்ப வந்த குஞ்சுக்கு எடமாக்கா?" அம்புட்டுக் கோவம் அவனுக்கு. மூக்கு வெடைக்குது.

நான் கேக்கணும்னு நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான். "மிலிட்டரி பயந்துச்சாலே? அழுதுச்சா?"

"அது எதுக்கு அழுது? ஹேண்டில்பார்ல ஏறி நின்னுக்கிருச்சு. பெரியப்பா அதுக்குச் சேவு ஒடச்சுக் குடுத்துக்கிட்டே ஓட்டுனாக. எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல."

ஏட்டி, நீ ஏன் அழுத? நான்தான அழணும். எனக்கு அழுகை வரல. பஸ்ல அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன், இறுக்காதக்கா இறுக்காதக்கான்னு கத்திக்கிட்டே வந்தான். மத்தவுக சொன்னாப் பயம்னு சொல்லலாம், காய்ச்சல்ல கண்ட கனவுன்னு சொல்லலாம். காய்ச்சல்ல கனவு கண்டாலும் மிலிட்டரி அங்க போனது அவனுக்கு எப்படித் தெரியும்? அத நெனச்சாத்தான் முதுகு சில்லுங்குது. ஆனா அதே நேரம் உள்ள ஏதோ எறங்கிப் போச்சு. எடமில்லன்னுட்டாகளே. வீட்டுக்கு ஓடுன்னுட்டாகளே. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

காலைல அம்மாகிட்ட நானே சொல்லிரலாம்னு இருக்கேன். அடிச்சா அடிக்கட்டும். நீ பக்கத்துல நில்லு, போதும்.

இரு, இரு, அவன் பொரளுதான்.

என்னலே? தண்ணியா? இந்தா, செம்ப ரெண்டு கையிலயும் பிடி. மெதுவாக் குடி, சட்டையில ஊத்தாத. ஆமா, மாரியக்காதான். ஒண்ணும் பேசல, சும்மா கதைதான். உனக்கு நாளைக்குச் சொல்லுதேன். அட, செம்பு பூராம் குடிச்சுட்டானே. பாரு மாரி, மறுபடி வேணுமாம்.